நேபாளத்தில் பள்ளி கட்ட மே மாதம் சபையோடு போகலாமா?

மார்த்தாண்டம் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய சபை வாலிபர் சங்கத்திலிருந்து இருபது பேர் மே மாதம் நேபாளத்து மலைக் கிராமம் ஒன்றுக்குப் போய்ப் பள்ளிக்கூடம் கட்டித் தரப் போகிறார்கள். மொத்தம் 12 நாட்கள், ஆளுக்கு 45,000 ரூபாய். இவர் பி.காம். முடித்துவிட்டு ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். கட்டட வேலை தெரியாது. பாதிப் பணம் கையில் இருக்கிறது, மீதியைச் சபையாரிடம் கேட்க வேண்டும். போகலாமா, போவதென்றால் என்ன தயாரிப்பு வேண்டும் என்கிறார்.

போகலாம் தம்பி. ஆனால் சுவர் கட்டுவதற்காகப் போகாதீர்கள். நாற்பது வருடம் கட்டட வேலை பார்த்தவன், சபைக் கமிட்டிகளிலும் உட்கார்ந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கு. நீங்கள் கணக்குப் படித்தவர், எளிதில் பிடிபடும். இருபது பேருக்கு 45,000 வீதம் 9 லட்சம் ரூபாய். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி டெல்லி வழியாகக் காட்மாண்டு சேர ஒரு நாள், அங்கிருந்து ஜீப்பில் மலை ஏற இன்னொரு நாள், திரும்ப இரண்டு நாள். சனிக்கிழமை அங்கே வார விடுமுறை, சபைகள் ஆராதனைக்குக் கூடுவதும் அன்றுதான். காட்மாண்டு சுற்றிப் பார்க்க ஒரு நாளைக் கமிட்டி கட்டாயம் ஒதுக்கியிருக்கும், அதைக் குறை சொல்லவில்லை. களைப்பு, வயிற்றுக் கோளாறு, மழை எல்லாம் போக ஆறு நாள் வேலை நடந்தால் பெரிது. இருபது பேர், ஆறு நாள், 120 கையாள் வேலை. நம் ஊர்க் கணக்கில் ஒரு கையாளுக்கு 900 ரூபாய் என்று வைத்தாலும் 1,08,000 ரூபாய்தான் வரும். அதுவும் பழகிய கையாளுக்கு உரிய கூலி. சட்டி தூக்கிப் பழகாத பையன்கள் இருபது பேர் முதல் இரண்டு நாளில் கையில் கொப்புளம் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களைக் கவனிப்பதற்கே உள்ளூர்க் கொத்தனார் ஒருவர் வேலையை விட்டு நிற்க வேண்டிவரும்.

‘பணம் மட்டுமா விஷயம்? போய் வருபவர்களுக்குக் கிடைக்கும் அனுபவம்?’ என்று உங்கள் சங்கத்தில் யாராவது எழுந்து கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல் 1922-ல் எவரெஸ்ட் ஏற வந்தவர். மலை ஏறி முடித்து இந்தியாவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தபோது நெய்யூர் மருத்துவமனையை எட்டிப் பார்த்தார். அங்கே அறுவைச் சிகிச்சை வேலை முழுவதையும் ஒரே மருத்துவர் தாங்கிக்கொண்டிருந்ததைக் கண்டார். இங்கிலாந்தில் கிடைக்கவிருந்த பெரிய வேலையை விட்டுவிட்டு நெய்யூருக்கே வந்துவிட்டார். பார்க்க வந்தவர் தங்கிவிட்ட கதை நம் குமரி மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் சாமர்வெல் அந்த முதல் பயணத்தில் நெய்யூரில் சுவர் கட்டித் தருவதாகச் சொல்லி யாரிடமும் காணிக்கை வாங்கவில்லை. பார்க்கப் போகிறோம் என்றால் பார்க்கப் போகிறோம் என்று சொல்லியே பணம் கேளுங்கள். வீட்டில் அரிசி களையும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வைத்துச் சபைக்குக் கொடுத்து வளர்த்த அம்மாக்களிடம்தான் கேட்கப் போகிறீர்கள். தாங்கள் கொடுப்பது செங்கல்லுக்கா விமான டிக்கெட்டுக்கா என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அடுத்தது கட்டடம். எனக்கு உண்மையான கவலை இதில்தான்.

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் 7.8 அளவில் நிலநடுக்கம் வந்தது. சுமார் 9,000 பேர் இறந்தார்கள். பள்ளிக் கட்டடங்கள் ஆயிரக்கணக்கில் இடிந்தன. அன்று சனிக்கிழமை, நேரம் நண்பகலுக்குச் சற்று முன். விடுமுறை நாள் என்பதால் வகுப்பறைகளில் பிள்ளைகள் இல்லை. இதுவே அங்கே பள்ளி நாளான ஞாயிற்றுக்கிழமையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த நாட்டில் இன்றும் பேசுகிறார்கள். அதே சனிக்கிழமை சபைகளில் ஆராதனைக்குக் கூடியிருந்தவர்களில் பலர் கட்டடம் விழுந்து இறந்தார்கள். 2023 நவம்பரில் மேற்கே ஜாஜர்கோட் பகுதியில் வந்த நடுக்கத்தில் 150 பேருக்கு மேல் இறந்தார்கள், அதன் அளவோ முந்தையதைவிட மிகக் குறைவு. அங்கே ஆட்களைக் கொன்றது பெரும்பாலும் மண் சாந்தில் அடுக்கிய கல் சுவர்.

அந்தச் சுவர் எப்படி விழுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கனமான கல் சுவரை வெளிப்பக்கம் ஒரு வரிசை, உள்பக்கம் ஒரு வரிசை என்று கட்டி, நடுவில் சில்லுக் கல்லும் மண்ணும் போட்டு நிரப்புவார்கள். குலுங்கும்போது இரண்டு வரிசையும் தனித்தனியாகப் பிரிந்து, வெளிவரிசை வயிறு தள்ளிச் சரிகிறது. இதைத் தடுக்க, சுவரின் முழு அகலத்துக்கும் குறுக்கே போகும் நீளக் கற்களைக் குறிப்பிட்ட இடைவெளியில் வைக்க வேண்டும். அடித்தள மட்டம், சன்னலின் அடி, லிண்டல் (கதவு, சன்னலுக்கு மேலே வரும் விட்டம்), கூரையடி ஆகிய மட்டங்களில் கட்டடத்தைச் சுற்றி அறுபடாமல் பெல்ட் கான்கிரீட், அதாவது உள்ளே கம்பி வைத்த கான்கிரீட் பட்டை, ஓட வேண்டும். மூலைகளில் கம்பி திரும்பி, அடுத்த சுவருக்குள் போதுமான நீளம் போய்ச் சேர வேண்டும். தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கை நம் ஊரில் பல இடங்களில் 90 பாகையில் மடக்கி விட்டுவிடுகிறோம். நடுக்க நாட்டில் அதன் முனை 135 பாகைக்கு மடங்கித் தூணின் உள்ளே புகுந்து நிற்க வேண்டும். இல்லையென்றால் குலுங்கும்போது ரிங் வாய் திறந்து, கம்பிகள் வெளியே பிதுங்கிவிடும். கான்கிரீட் போட்டபின் குறைந்தது ஏழு நாளாவது தண்ணீர் விட்டு நனைக்க வேண்டும், உங்கள் குழுவோ அதற்குள் ஜீப் ஏறியிருக்கும்.

நம் மாவட்டத்துக் கொத்தனார்கள் கேரளத்திலும் வளைகுடாவிலும் பெயர் வாங்கியவர்கள். தூக்குக்குண்டு பிடிப்பதில் அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கே மேலே சொன்னவற்றில் பாதி புதுப் பழக்கம். வாலிபர் சங்கப் பையன்கள் கட்டும் சுவருக்குக் கீழே நாளைக்கு நாற்பது பிள்ளைகள் உட்காரப் போகிறார்கள். ‘அன்போடு கட்டினோம்’ என்றால் நிலநடுக்கம் கேட்டுக்கொள்ளாது. வரைபடத்தில் யார் கையெழுத்துப் போட்டார், அந்த ஊர்ப் பாலிகா அனுமதி கொடுத்ததா, கம்பி கட்டும்போது தினமும் பக்கத்தில் நிற்கப் போகும் பொறியாளர் யார் என்று கமிட்டியிடம் கேளுங்கள். பாலிகா என்பது அங்கே உள்ளாட்சி. நாடு முழுவதும் 753 உள்ளாட்சிகள் உண்டு, பள்ளிக் கல்வி இன்று அவற்றின் பொறுப்பு. இந்தக் கேள்விகளுக்கு ‘அங்குள்ள பாஸ்டர் பார்த்துக்கொள்வார்’ என்ற பதில் வந்தால் பணத்தைக் கட்டாதீர்கள்.

சரி, கட்டடம் நன்றாகவே எழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பள்ளியை யார் நடத்துவது? ஜூன் மாதச் சம்பளம் எங்கிருந்து வரும்? இதற்கு வேறெங்கும் தேட வேண்டாம், நம் ஊர் வரலாற்றைப் பார்த்தால் போதும். மிஷனரி ரிங்கல்தௌபே 1806-ல் மயிலாடிக்கு வந்தார். அவரை வரவழைத்து, ஊழியத்தைத் தோளில் சுமந்தவர் உள்ளூர்க்காரரான வேதமாணிக்கம். ரிங்கல்தௌபே 1816-ல் போன பிறகு, அடுத்த மிஷனரி வரும்வரை சபைகளைக் காத்தவரும் அவர்தான். பிறகு வந்த மீட் ஐயர் காலத்தில், பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் மன்றோவின் முயற்சியால் திருவிதாங்கூர் ராணி நாகர்கோவிலில் ஒரு பங்களாவும், வயல் வாங்க 5,000 ரூபாயும் கொடுத்தார். கட்டடத்தோடு வயலும் வந்ததைக் கவனியுங்கள். அந்த வயலின் வருமானம் மிஷன் கல்விக்கூடமான செமினரியை நடத்த உதவியது. மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, ரேந்தை (லேஸ்) பின்னக் கற்றுக்கொடுத்தார். ரேந்தை விற்ற காசு பள்ளிக்கும் பிள்ளைகளுக்கும் பயன்பட்டது, அடிமை நிலையில் இருந்த சில பெண்கள் அந்தக் காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். மால்ட் தம்பதியர் 1819-ல் வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கேயே இருந்தார்கள். முளகுமூட்டில் 1897-ல் பெல்ஜியத்திலிருந்து வந்து கத்தோலிக்கத் துறவற சபை ஒன்றைத் தொடங்கிய மரி லூயிஸ் அன்னையின் வழியும் ஏறக்குறைய இதுவே. அநாதைப் பிள்ளைகள், ரேந்தை, பள்ளி.

ஆகவே உங்கள் கமிட்டியிடம் ‘அந்தப் பள்ளிக்கு வயல் எது?’ என்று கேளுங்கள். ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறதா, பெற்றோர் கட்டணமா, நம் சபை மாதாமாதம் அனுப்பப்போகிறதா? நிலம் யார் பெயரில் இருக்கிறது? அங்கே நில உரிமைப் பத்திரத்துக்கு லால்புர்ஜா என்று பெயர். அதன் நகலைக் கண்ணால் பாருங்கள். பாஸ்டரின் சொந்தப் பெயரில் இருந்தால், பள்ளியும் ஒருநாள் அவருடைய பிள்ளைகளின் சொத்தாகிவிடும். நம் பக்கத்திலும் இது நடக்காததல்ல. பக்கத்தில் அரசுப் பள்ளி இருக்கிறதா, அதில் எத்தனை பிள்ளைகள் என்பதையும் விசாரியுங்கள். நேபாள மலைக் கிராமங்களில் வாலிபர்கள் கத்தாருக்கும் மலேசியாவுக்கும் போய்விட, குடும்பங்கள் சமவெளி நகரங்களுக்கு இறங்கிவிட்டன. பிள்ளைகள் குறைந்ததால் பல பள்ளிகளை ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெளிநாட்டுக்கு ஆளை அனுப்பிவிட்டு வெறிச்சோடிய வகுப்பறையை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளே இல்லாத ஊரில் இன்னொரு கட்டடம் எதற்கு?

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும், வாலிபர் சங்கங்கள் இதில் அசட்டையாக இருக்கின்றன. நேபாள அரசியல் சாசனமே பிறரை மதம் மாற்றுவதைத் தடைசெய்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டப்படி மதம் மாற்றினாலோ மாற்ற முயன்றாலோ ஐந்து ஆண்டு வரை சிறையும் 50,000 நேபாள ரூபாய் வரை அபராதமும் உண்டு. குற்றவாளி வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்தபின் ஏழு நாளுக்குள் நாட்டைவிட்டு வெளியேற்றுவார்கள். பள்ளி கட்ட வந்தோம் என்று சொல்லிவிட்டு, மாலையில் கைப்பிரதி கொடுத்து, ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தி, அதைக் கைப்பேசியில் படம்பிடித்துப் போட்டால் என்ன ஆகும்? நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். காவல் நிலையத்துக்குப் போவது உங்களுக்குச் சோறு போட்ட உள்ளூர்க் குடும்பம். 2021 கணக்கெடுப்பின்படி அங்கே கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. நம் மாவட்டத்தில் மேடை போட்டு ஒலிபெருக்கி கட்டிப் பழகியவர்களுக்கு இந்த நிலைமை எளிதில் மனத்தில் ஏறாது. சபை ஆராதனையில் கலந்துகொள்ளுங்கள், பாட்டுப் பாடுங்கள். ஊருக்குள் உள்ளூர்ச் சபையார் வேண்டாம் என்று சொல்வது எதையும் செய்யாதீர்கள், படம் எடுப்பது உட்பட.

பயணத் திட்டத்தில் ‘அநாதை இல்லத்துக்கு ஒரு நாள்’ என்று இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். நேபாளத்தின் குழந்தைகள் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடிருக்கிறார்கள். படிக்க வைக்கிறேன் என்று கிராமத்திலிருந்து அழைத்துவந்து, வெளிநாட்டு விருந்தினர் முன் நிறுத்திக் காசு பார்க்கும் வியாபாரம் அங்கே பல ஆண்டுகளாக இருக்கிறது. மிட்டாய் கொடுத்துப் பிள்ளையைத் தூக்கி வைத்துப் படம் எடுப்பவர்களை நம்பித்தான் அந்த வியாபாரம் நடக்கிறது.

பணம் அனுப்புவதிலும் கவனம் வேண்டும். வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளையின் பணத்தை இந்தியாவுக்கு வெளியே செலவிட மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் ஒப்புதல் தேவை, இல்லையென்றால் அந்தத் தொகைக்கு விலக்கு கிடைக்காது. சங்கப் பணத்தை இருபது பேர் பாக்கெட்டில் பிரித்துக் கொண்டுபோகும் யோசனையை யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். நேபாளப் பக்கத்திலும் வெளிநாட்டு உதவி வாங்கும் தொண்டு அமைப்புகள் சமூக நல மன்றத்தின் ஒப்புதலோடுதான் வாங்க வேண்டும். நல்ல ஆடிட்டர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தெளிவாகிவிடும். உங்கள் தொழில் இது, நீங்களே முன்னின்று செய்யலாம்.

உங்களால் ஆகக்கூடிய வேலை என்று நான் நினைப்பதும் இதுதான். கல் சுமக்கத் தெரியாது என்று வருத்தப்படுகிறீர்கள். ஒரு சின்னப் பள்ளி இரண்டாம் ஆண்டிலேயே மூடப்படுவதற்குச் சுவர் காரணமாக இருப்பது குறைவு, கணக்கு காரணமாக இருப்பது அதிகம். ரசீது இல்லை, கட்டண நிலுவை எவ்வளவு என்று தெரியாது, நன்கொடையாளர் கேட்டால் காட்ட ஏடு இல்லை. அந்தப் பள்ளி நிர்வாகக் குழுவில் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வரவு செலவுப் பேரேடு போடவும், மாதச் சம்பளத்துக்குத் திட்டமிடவும் கற்றுக்கொடுத்துவிட்டு வாருங்கள். ஊருக்கு வந்தபின்னும் மாதம் ஒருமுறை கைப்பேசியில் பேசிக் கணக்கைச் சரிபாருங்கள். இந்தி கொஞ்சம் தெரிந்தால் அங்கே நிறையப் பேரோடு பேசிக்கொள்ளலாம், தெரியாவிட்டால் இப்போதே தொடங்குங்கள், மே வரை நேரம் இருக்கிறது.

கமிட்டியில் வைக்க ஒரு மாற்றுத் திட்டமும் சொல்கிறேன். இருபது பேருக்குப் பதில் ஆறு பேர் போகட்டும். உங்களைப் போல் கணக்குத் தெரிந்த ஒருவர், ஒரு பொறியாளர், வகுப்பெடுத்து அனுபவமுள்ள ஆசிரியைகள் இருவர், ஒரு மின்பணியாளர், அனுபவமுள்ள கொத்தனார் ஒருவர். கொத்தனாருக்குக் கூலி கொடுத்து இரண்டு மாதம் அங்கேயே தங்கவைத்து, நடுக்கத்தைத் தாங்கும் கட்டுமானம் தெரிந்த நேபாளி மேஸ்திரியின் கீழ் வேலை செய்யச் சொல்லுங்கள். அவர் கற்றுக்கொண்டு வருவதும் நமக்கு லாபம். மிச்சமாகும் பதினான்கு பேரின் பணம் 6,30,000 ரூபாய். அதில் உள்ளூர் ஆட்களுக்குக் கூலி, பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை, தண்ணீர்க் குழாய், மேசை பெஞ்சு. கழிப்பறைக்கு யாரும் நினைவுக் கல் பதிக்கக் கேட்பதில்லை, அதனாலேயே அது விட்டுப்போகிறது. அடுத்த ஆண்டு அந்தப் பள்ளியின் ஆசிரியர் ஒருவரை நாகர்கோவிலுக்கு அழைத்து நம் பள்ளிகளில் ஒரு மாதம் உட்காரவையுங்கள். அவருக்கும் நம்மைப் பார்க்க உரிமை உண்டல்லவா?

கமிட்டி ஒப்புக்கொண்டு புறப்படுவதானால் தயாரிப்பு அதிகமில்லை. இந்தியருக்கு நேபாள விசா வேண்டாம். விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையம் தந்த வாக்காளர் அட்டை வேண்டும், ஆதாரை மட்டும் நம்பிப் போய் விமான நிலையத்தில் திரும்பி வந்தவர்கள் உண்டு. ரயிலில் போனால் திருவனந்தபுரத்திலிருந்து கோரக்பூர் வண்டி இருக்கிறது, அங்கிருந்து சுனௌலி எல்லை. செலவு மிகக் குறைவு, ஆனால் போக மட்டும் மூன்று நாளுக்கு மேல் ஆகும். டைபாய்டு, டெட்டனஸ் ஊசிகளைக் கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். மே மாதத்தில் பிற்பகல் இடி மழை சகஜம், ஜூன் நடுவில் பருவமழை இறங்கினால் மலைச்சாலைகள் சரியும், ஆகவே பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். காலை பத்து மணிவாக்கில் ஒருமுறை, இரவு ஒருமுறை பருப்பும் சோறும்தான் சாப்பாடு, நடுவில் தேநீர். மீன் எளிதில் கிடைக்காது, மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். பசு அங்கே தேசிய விலங்கு, கொல்வது குற்றம். நம் வீட்டு மாட்டிறைச்சிப் பெருமையை ஊரிலேயே வைத்துவிட்டுப் போங்கள். எருமைக்கறி மோமோ கிடைக்கும், அதில் தடையில்லை.

கமிட்டி அடுத்துக் கூடும்போது மூன்று தாள்களைக் கேட்டு வாங்குங்கள்: கையெழுத்திட்ட வரைபடம், லால்புர்ஜா நகல், முதல் மூன்று ஆண்டுக்கான சம்பளத் திட்டம். மூன்றும் இருந்தால் கட்டணத்தைக் கட்டுங்கள். சபையாரிடம் காணிக்கை கேட்கும்போது அந்தத் தாள்களையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் பெல்ட் எங்கே ஓடுகிறது, கம்பி எத்தனை மில்லிமீட்டர் என்று புரியவில்லை என்றால் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.